சராசரி ஏமாற்றும் இடங்கள்: நடுக்கணக்கு பார்க்கும் முறை

சராசரி பார்க்காமல் கொள்முதல் செய்யும் வணிகர் எவரும் இல்லை. சிலர் சிட்டையில் எழுதிக் கூட்டி வகுக்கிறார்கள். பலர் மனக்கணக்காகவே போட்டு விடுகிறார்கள். "சர்க்கரை தினம் ஒரு மூட்டை ஓடும்", "அந்த மில் பருப்பில் மூட்டைக்குக் கால் கிலோ குறையும்", "புதுக் கிளையை விடப் பழைய கடையில் வியாபாரம் அதிகம்" என்று நாம் நாள்தோறும் பேசுவதெல்லாம் சராசரிக் கணக்குதான். அந்தக் கணக்கை நம்பித்தான் பணத்தை முடக்குகிறோம், ஒரு மில்லை விட்டு இன்னொரு மில்லுக்குப் போகிறோம், சில வேளைகளில் ஒரு பணியாளர் மீது குறையும் சொல்கிறோம். ஆகவே அந்த எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய கடமை நமக்கு உண்டு.

எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகுப்பதைப் பள்ளிக்கூடத்தில் கூட்டுச் சராசரி என்று படித்தோம். அதில் ஒரு பலவீனம் இருக்கிறது. பத்து எண்களில் ஒன்று மட்டும் தாறுமாறாக இருந்தால் போதும், சராசரி முழுவதும் அதன் பக்கம் சாய்ந்து விடும். அப்படிச் சாயாத முறைகளைப் புள்ளியியல் அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். அவற்றில் மளிகைக் கடைக்கும் மொத்த வியாபாரத்துக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை, சூத்திரங்களின் பாரமில்லாமல் இங்கே எடுத்துக்கொள்கிறோம். கூட்டல், வகுத்தல், வரிசைப்படுத்தல் தெரிந்தால் போதும்.

ஒரு கல்யாண வீடு கெடுத்த கணக்கு

ஒரு சில்லறைக் கடையில் பத்து நாள் சர்க்கரை விற்பனை கிலோ கணக்கில் இப்படி இருந்ததாக வைத்துக்கொள்வோம்: 42, 38, 47, 40, 33, 44, 41, 36, 340, 43. ஒன்பதாம் நாள் ஒரு கல்யாண வீட்டார் ஆறு மூட்டை எடுத்துப் போனார்கள், அதனால் 340. கூட்டினால் 704. பத்தால் வகுத்தால் 70.4 கிலோ.

இந்தப் பத்து நாளில் ஒரு நாளாவது 70 கிலோவுக்கு அருகில் விற்றதா? இல்லை. ஒன்பது நாள் 50 கிலோவைக் கூடத் தொடவில்லை. ஆனாலும் கணக்கு 70.4 என்கிறது. இதை நம்பி அடுத்த 15 நாளுக்குக் கொள்முதல் செய்தால் 1,056 கிலோ, அதாவது 21 மூட்டை இறக்க வேண்டும்.

இப்போது அதே எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக எழுதுவோம்: 33, 36, 38, 40, 41, 42, 43, 44, 47, 340. நடுவில் நிற்பவை 41, 42. இரண்டுக்கும் நடுவே 41.5. இதுதான் இடைநிலை அளவு. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் நடு எண் ஒன்றே இருக்கும், அதையே எடுத்துக்கொள்ளலாம். அந்த 340 என்பது 3,400 ஆக இருந்தாலும் இடைநிலை 41.5-லிருந்து இம்மியும் நகராது. பாதிக்கும் குறைவான எண்கள் எவ்வளவு கெட்டுப் போனாலும் இது தாங்கும்.

இடைநிலையில் நடு எண்கள் மட்டுமே பேசுகின்றன, மற்ற எட்டு நாள் உழைப்பும் வீண்தானே என்று தோன்றலாம். அந்த ஆட்சேபம் நியாயமானதே. கணக்கு ஒழுங்காக இருக்கும்போது இடைநிலை கொஞ்சம் வீணடிக்கத்தான் செய்கிறது. இதற்கு நடுவழியாக இருப்பது முனை நீக்கிய சராசரி. வரிசையில் மேலே ஒன்றும் கீழே ஒன்றும் நீக்கி விட்டு மீதி எட்டைக் கூட்டினால் 331; வகுத்தால் ஏறக்குறைய 41.4. இரு பக்கமும் இரண்டிரண்டு நீக்கினால் ஆறின் கூட்டல் 248, சராசரி 41.3. நீக்குவதற்குப் பதிலாக முனையில் உள்ளதை அடுத்த எண்ணுக்கு இழுத்து வைக்கும் வழக்கமும் உண்டு. 33-ஐ 36 ஆகவும் 340-ஐ 47 ஆகவும் வைத்துக் கூட்டினால் 414, சராசரி 41.4. மூன்று வழியில் போனாலும் ஒரே ஊருக்குத்தான் வந்து சேருகிறோம்.

நாளுக்கு 41.4 என்றால் 15 நாளுக்கு 621 கிலோ. 13 மூட்டை போதும். முன் சொன்ன 21 மூட்டைக்கும் இதற்கும் 8 மூட்டை வித்தியாசம். கணக்குக்காக மூட்டை 2,000 ரூபாய் என்று வைத்தாலும் 16,000 ரூபாய் கிடங்கில் முடங்குகிறது. சர்க்கரையாவது கொஞ்ச நாள் கிடக்கும். மழைக்காலத்தில் ரவையையும் மைதாவையும் இப்படி இறக்கி விட்டு வண்டு பிடித்தால் கேட்பதற்கு ஆள் இல்லை.

பழைய வழக்கம்தான்

முனைகளை நீக்கிச் சராசரி பார்ப்பது ஏதோ கம்ப்யூட்டர் காலத்துக் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். 1821-ல் பிரெஞ்சுக் கணித இதழ் ஒன்றில் பெயர் போடாமல் வந்த கட்டுரை, அந்நாட்டின் சில மாகாணங்களில் நிலத்தின் விளைச்சலை மதிப்பிட்ட வழக்கத்தைக் குறிப்பிடுகிறது. தொடர்ந்து இருபது ஆண்டு விளைச்சலைப் பார்ப்பார்கள். மிக அதிகமான ஆண்டு ஒன்றையும் மிகக் குறைந்த ஆண்டு ஒன்றையும் தள்ளி விட்டு, மீதியைக் கூட்டிப் பதினெட்டால் வகுப்பார்கள். குடியானவர்கள் கைப்பழக்கமாகச் செய்ததற்குத்தான் அறிஞர்கள் பின்னாளில் கணித விளக்கம் தந்தார்கள்.

இங்கிலாந்தின் பிளிமத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சி ஒன்றில், ஒரு கொழுத்த மாட்டை அறுத்துச் சுத்தம் செய்தால் எவ்வளவு எடை நிற்கும் என்று ஊகித்துச் சீட்டு எழுதும் போட்டி வைத்தார்கள். அந்தச் சீட்டுகளை வாங்கிப் பார்த்த பிரான்சிஸ் கால்டன் 1907-ல் அதைப் பற்றி எழுதினார். தெளிவாக இருந்த 787 சீட்டுகளை வரிசைப்படுத்தி நடுச்சீட்டை எடுத்தபோது 1,207 பவுண்டு வந்தது. உண்மை எடை 1,198 பவுண்டு. கசாப்புக் கடைக்காரரும் எழுதியிருந்தார், மாட்டைப் பற்றி ஒன்றும் அறியாதவரும் எழுதியிருந்தார். நடுச்சீட்டு நூற்றுக்கு ஒன்று கூடப் பிசகவில்லை.

இன்றைக்கு ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி விலைவாசி ஏற்றத்தின் அடிப்படைப் போக்கைப் பார்க்கும்போது இதே முறையைக் கையாளுகிறது. அதிகம் ஏறிய பொருள்களில் நூற்றுக்கு 15 பங்கையும், குறைவாக ஏறிய அல்லது இறங்கிய பொருள்களில் 15 பங்கையும் நீக்கி விட்டு நடுவில் உள்ளவற்றின் சராசரியைப் பார்க்கிறார்கள். ஒரு புயலில் வாழைப்பழம் விலை ஏறினால் நாட்டில் எல்லாமே விலை ஏறிவிட்டதாகக் கொள்ளக்கூடாது என்பது இதன் கருத்து.

இரண்டு மில்களை ஒப்பிடுதல்

ஒரு கூட்டத்தின் சராசரியை விட, இரண்டு கூட்டங்களை ஒப்பிடும்போதுதான் தவறு நேர்ந்தால் நஷ்டம் அதிகம். ஒருவர் இரண்டு மில்களில் துவரம்பருப்பு எடுக்கிறார். இரண்டும் 50 கிலோ மூட்டை. முத்திரையிட்ட தராசில் ஒவ்வொரு மில்லிலும் பத்து மூட்டையை எடை போட்டு, எவ்வளவு குறைகிறது என்று கிராமில் குறிக்கிறார்.

முதல் மில்: 150, 180, 120, 200, 160, 140, 170, 190, 130, 1,960.

இரண்டாம் மில்: 250, 280, 240, 300, 260, 310, 270, 290, 255, 245.

கூட்டி வகுத்தால் முதல் மில்லுக்கு மூட்டைக்கு 340 கிராம் குறைவு. இரண்டாம் மில்லுக்கு 270 கிராம். "முதல் மில்காரர் எடையில் கை வைக்கிறார்" என்று முடிவு கட்டி, பல வருடப் பழக்கத்தை முறித்துக்கொண்டு இரண்டாம் மில்லுக்குப் போய் விடலாம். நம் வியாபாரத்தில் இப்படி முறிந்த உறவுகள் கொஞ்சமல்ல.

எண்களை மறுபடியும் பாருங்கள். முதல் மில்லில் ஒன்பது மூட்டை 200 கிராமுக்குள் இருக்கிறது. கடைசி மூட்டை லாரியில் கொக்கி பட்டுக் கிழிந்து, தைத்து வந்தது. இரண்டாம் மில்லிலோ மிகக் குறைந்த குறைவே 240 கிராம். இடைநிலை எடுத்தால் முதல் மில் 165, இரண்டாம் மில் 265. இரு பக்கமும் இரண்டிரண்டு நீக்கிய சராசரி முறையே 165, 267.5. உண்மையில் இரண்டாம் மில்தான் மூட்டைக்கு 100 கிராமுக்கு மேல் கூடுதலாகக் குறைக்கிறது. மாதம் 100 மூட்டை எடுப்பவருக்கு இது 10 கிலோ பருப்பு. கூட்டுச் சராசரி நல்லவரைக் கெட்டவராகவும், மற்றவரை நல்லவராகவும் காட்டி விட்டது.

விபரம் அறிந்த நண்பர்கள், "விலகி நிற்கும் எண்ணைக் கண்டுபிடிக்கத் திட்டவிலக்கம் இருக்கிறதே, சராசரியிலிருந்து மூன்று மடங்கு திட்டவிலக்கத்துக்கு அப்பால் இருந்தால் ஒதுக்கி விடலாமே" என்று கேட்பார்கள். போட்டுப் பார்ப்போம். முதல் மில்லின் திட்டவிலக்கம் சுமார் 570 கிராம். மூன்று மடங்கு 1,710. சராசரி 340-உடன் கூட்டினால் எல்லை 2,050. நம் 1,960 உள்ளேயே இருக்கிறது! வேலியே பயிரை மேய்ந்த கதைதான். கெட்ட எண்ணே திட்டவிலக்கத்தைப் பெரிதாக்கி, தனக்குத் தானே இடம் செய்துகொண்டு விட்டது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பத்தே பத்து எண்கள் இருந்தால், ஒன்று எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சராசரியிலிருந்து 2.85 திட்டவிலக்கத்துக்கு மேல் விலகவே முடியாது. இது கணிதத்தில் நிரூபணமானது. ஆகவே பத்து மூட்டையை வைத்துக்கொண்டு மூன்று மடங்கு விதியைப் போடுபவர் எந்தக் காலத்திலும் எதையும் பிடிக்க மாட்டார்.

இதற்கும் நடுக்கணக்கு உண்டு. ஒவ்வொரு எண்ணும் இடைநிலையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று எழுதி, அந்த விலகல்களுக்கும் ஓர் இடைநிலை எடுக்க வேண்டும். முதல் மில்லில் 165-லிருந்து விலகல்களை வரிசைப்படுத்தினால் 5, 5, 15, 15, 25, 25, 35, 35, 45, 1,795. நடுவில் 25. இதை 1.48-ஆல் பெருக்கினால் 37. ஒழுங்காகப் பரவிய கணக்கில் இது திட்டவிலக்கத்துக்கு ஈடாக நிற்கும். மூன்று மடங்கு 111. எல்லை 165-உடன் 111 சேர்த்து 276. இப்போது 1,960 தப்ப வழியில்லை.

விற்பனைக் கணக்குக்கும் இது பொருந்தும். கல்லாவில் தினமும் இரண்டு மூன்று ரூபாய் கூடக்குறைய இருப்பது இயல்பு. எது இயல்பான ஏற்றத்தாழ்வு, எது விசாரிக்க வேண்டியது என்று தெரியாமல் பையனைச் சந்தேகப்படுவதை விட, ஒரு மாதக் கணக்கை இந்த முறையில் பார்ப்பது மேல்.

வித்தியாசம் உண்மையா, தற்செயலா?

பத்து மூட்டைதானே எடை போட்டோம், இது தற்செயலாக வந்திருக்கலாமே என்ற கேள்வி எழும். சிறிய எண்ணிக்கையை வைத்து முடிவு செய்வதில் வழி காட்டியவர் வில்லியம் காசெட். டப்ளின் நகரில் கின்னஸ் மதுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1908-ல் 'மாணவன்' என்ற பொருள்படும் புனைபெயரில் தம் முறையை வெளியிட்டார். நல்ல முறைதான். ஆனால் அது கூட்டுச் சராசரியின் மேல் நிற்பதால் கிழிந்த மூட்டை விஷயத்தில் தடுமாறும். 1945-ல் பிராங்க் வில்காக்சன் என்ற தொழிற்சாலை வேதியியலாளர் எடையைப் பாராமல் வரிசை எண்ணை மட்டும் பார்க்கும் எளிய முறையைச் சொன்னார். 1947-ல் மான், விட்னி இருவரும் அதை விரிவாக்கினர்.

அதைத் தாளில் செய்வது மிக எளிது. முதல் மில் மூட்டை ஒவ்வொன்றையும் இரண்டாம் மில் மூட்டை ஒவ்வொன்றுடனும் ஜோடி சேருங்கள். பத்துக்குப் பத்து, நூறு ஜோடி. எத்தனை ஜோடியில் முதல் மில்லில் குறைவு அதிகம்? ஒன்பது மூட்டைகள் எல்லா ஜோடியிலும் நல்லவை. கிழிந்த மூட்டை மட்டும் பத்து ஜோடியிலும் மோசம். ஆக 90-க்கு 10. சமமாக இருக்கும் ஜோடிக்கு அரை அரை போட வேண்டும். இரண்டு எண்ணிக்கையில் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மில்லும் ஒன்றுதான் என்றிருந்தால், பத்துக்குப் பத்து ஒப்பிடும்போது சிறிய எண்ணிக்கை 23 அல்லது அதற்குக் கீழே வர நூற்றுக்கு ஐந்துக்கும் குறைந்த வாய்ப்புதான். 16 அல்லது அதற்குக் கீழே வர நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. நமக்கு வந்தது 10. தற்செயல் என்று தள்ள முடியாது. எட்டுக்கு எட்டு என்றால் 23-க்குப் பதில் 13, ஆறுக்கு ஆறு என்றால் 5, ஐந்துக்கு ஐந்து என்றால் 2 என்று குறித்து வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நிபந்தனை: மூட்டைகளைக் கண்ணை மூடிக்கொண்டு பல லோடுகளிலிருந்து எடுக்க வேண்டும். ஒரே லோடில் மேலே கிடந்த பத்தை எடுத்தால் அது மில்லை அளப்பதாகாது, அந்த லோடை அளப்பதாகும்.

சாமானை இடம் மாற்றி வைத்துப் பார்ப்பவர்களுக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. டீத்தூள் பாக்கெட்டைக் கல்லாவுக்கு அருகில் கொண்டு வந்த பிறகு விற்பனை கூடியதா என்று பார்க்க வேண்டுமா? ஒரு வாரம் பழைய இடம், ஒரு வாரம் புது இடம் என்று மாற்றி மாற்றி 12 ஜோடி வாரங்கள் ஓட்டுங்கள். எந்த வாரம் எந்த இடம் என்பதைக் காசு சுண்டி முடிவு செய்வது உத்தமம். எத்தனை ஜோடியில் புது இடம் ஜெயித்தது என்று மட்டும் எண்ணுங்கள். இடத்தால் பயனே இல்லை என்றால் அது காசு சுண்டுவதற்குச் சமம். 12-ல் 10 தடவை ஒரே பக்கம் விழ நூற்றுக்கு நான்கு வாய்ப்புதான். 8 தடவை என்றால் அது யாருக்கும் வரும்.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் எக்செல்லில் இடைநிலைக்கு மீடியன் என்றும், முனை நீக்கிய சராசரிக்கு டிரிம்மீன் என்றும் கட்டளை கொடுக்கலாம். டிரிம்மீனில் 0.2 என்று கொடுத்தால் அது இரு பக்கமும் சேர்த்து நூற்றுக்கு 20, அதாவது பக்கத்துக்கு 10. பலர் இங்கே குழம்புகிறார்கள்.

ஆனால் முனைகளை நீக்கி விட்டு, மீதியைப் புதுக்கணக்கு போல எடுத்துக்கொண்டு காசெட்டின் பழைய சூத்திரத்தில் போடக்கூடாது. ஏற்றத்தாழ்வு பொய்யாகக் குறைந்து, இல்லாத வித்தியாசம் இருப்பது போல் தெரியும். இதைச் சரிசெய்யும் சூத்திரத்தை யூயென் என்பவர் 1974-ல் தந்திருக்கிறார். ஆடிட்டரிடமோ கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் பிள்ளைகளிடமோ கேட்டால் போட்டுத் தருவார்கள்.

நீக்குவதிலும் நேர்மை வேண்டும். இரு பக்கமும் சமமாக நீக்க வேண்டும்; எத்தனை என்பதை எண்களைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்து விட வேண்டும். பிடிக்காத மில்லுக்குக் கெட்ட மூட்டையை வைத்துக்கொண்டு, பிடித்த மில்லுக்கு மட்டும் நீக்குவது கணக்கே அல்ல.

எங்கே இது கூடாது

இவ்வளவு சொன்ன பிறகு, எல்லாவற்றுக்கும் நடுக்கணக்கே போதும் என்று யாரும் கிளம்பி விடக்கூடாது. மொத்தம் எவ்வளவு என்பது கேள்வியானால் கூட்டுச் சராசரியை விட்டால் வேறு வழியில்லை. ஆண்டு விற்பனை என்பது நாள் சராசரி பெருக்கல் நாள்கள். இடைநிலையை 365-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்டி கணக்கும் சேராது, கல்லாவும் சேராது. கல்யாண வீட்டு லாபமும் லாபம்தான்.

கடன் பாக்கியில் இது இன்னும் முக்கியம். ஐம்பது வாடிக்கையாளருக்குக் கடன் கொடுத்து 49 பேர் ஒழுங்காகக் கட்டி, ஒருவர் 20,000 ரூபாயுடன் ஊரை விட்டுப் போய் விட்டார் என்றால், வராக்கடனின் இடைநிலை பூஜ்யம். முனை நீக்கிய சராசரியும் பூஜ்யம். நஷ்டம் பூஜ்யமா? ஆளுக்கு 400 ரூபாய் என்ற கூட்டுச் சராசரிதான் இங்கே உண்மை சொல்கிறது. கடனுக்கு விலை வைப்பவர் அதைத்தான் பார்க்க வேண்டும்.

கிழிந்த மூட்டையும் அப்படியே. ஒரு தடவை நேர்ந்தால் அது விபத்து. லாரி ஆபீசில் 1.96 கிலோவுக்குப் பணம் கேட்டு வாங்கிக்கொண்டு மில்லைக் குறை சொல்லாமல் இருக்கலாம். ஒவ்வொரு லோடிலும் பத்துக்கு ஒன்று கிழிந்தே வருகிறது என்றால் அது அந்த மில்லின் சாக்கும் தையலும் செய்கிற வேலை. அப்போது நம் கையை விட்டுப் போவது 340 கிராம்தான், 165 அல்ல. நீக்கிய எண்ணைக் குப்பையில் போடாமல் காரணத்துடன் தனிப் பக்கத்தில் எழுதி வைத்தால்தான் இது விபத்தா வழக்கமா என்பது மூன்று மாதத்தில் தெரியும்.

இன்னொன்று, கலப்புக் கணக்கு. சம்பளம் வாங்கும் குடும்பங்கள் மாத முதல் வாரத்தில் மொத்தச் சாமானும் வாங்குகின்றன. பிறகு மூன்று வாரம் சில்லறையாக ஓடும். அமாவாசை அன்று முட்டை விற்பனை விழும். தீபாவளிக்கு முந்தைய பத்து நாள் எண்ணெயும் மைதாவும் தனி ஓட்டம். இவை தாறுமாறான எண்கள் அல்ல. வேறு வேறு குவியல்கள். எல்லாவற்றையும் கலந்து இடைநிலை எடுத்தால் சாதாரண வார விற்பனைதான் கிடைக்கும், முதல் வாரத்தில் சரக்கு இல்லாமல் வாடிக்கையாளரைப் பக்கத்துக் கடைக்கு அனுப்ப நேரும். முதல் வாரத்தைத் தனியாகவும், மற்ற வாரங்களைத் தனியாகவும், பண்டிகை நாள்களை முந்தைய ஆண்டு அதே பண்டிகையுடனும் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கிளைகளை ஒப்பிடுபவர்களும் இப்படித்தான், முதல் வாரத்தை முதல் வாரத்துடன், சனிக்கிழமையைச் சனிக்கிழமையுடன். ஒவ்வொரு குவியலுக்கும் எட்டுப் பத்து நாள் கணக்காவது சேர்ந்த பிறகு முனை நீக்குவதைப் பற்றி யோசிக்கலாம்; நாலைந்து எண்கள் மட்டும் இருந்தால் இடைநிலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.